முடக்கு ஒழுங்கைக்கு வந்த புதுப் பெயர்

உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும். கேற்றடியில் யாராவது ஸலாம் சொன்னால், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவதற்குள் வந்தவர் போய்விடுகிற வயது. போனால் போகட்டும் என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறோம். அன்றைக்கு வந்த இரண்டு பேரும் போகவில்லை. ஊர்ச் சபையில் வேலை செய்கிற இளைஞர்கள். ஒருவன் கையில் அளவுநாடா, மற்றவன் கையில் கைப்பேசி. எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, பெயர் மாற்றப்போகிறார்களாம். பழைய சேர்மனின் பெயராம். பலகை வைப்பதற்கு என் மதில் மூலைதான் தோதான இடமாம்.

“உங்களுக்கு ஏதும் பிரச்சினை இல்லத்தானே உம்மா?” என்று அளவுநாடா வைத்திருந்தவன் கேட்டான்.

இல்லை என்றேன். அவன் மூலையை அளந்தான், மற்றவன் படம் எடுத்தான், போய்விட்டார்கள். உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த பிறகுதான் காக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. காக்கா என் ஒரே அண்ணன். அந்தச் சேர்மனின் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் சாப்பாட்டுக் கோப்பையை நகர்த்திவைத்துவிட்டு எழும்புகிறவர். அந்தப் பெயரை எங்கள் உம்மாவின் மதிலில் எழுத நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். இனி அவர் வருவார், கத்துவார், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நினைத்தபோதே களைத்துப்போயிற்று.

இதை உங்களுக்குச் சொல்வதென்றால் ஒரு மாரி காலத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்போது நான் குர்ஆன் மதரசாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாறி மாறி ஓடுகிற சிறுபிள்ளை. எங்கள் ஒழுங்கை மெயின் ரோட்டிலிருந்து கடலுக்குப் போகிற வெறும் மணல் பாதை. இரண்டு பக்கமும் தென்னோலைக் கிடுகு வேலி. நேரே வந்துகொண்டிருக்கிற ஒழுங்கை எங்கள் வீட்டு வளவு வந்ததும் வேலியில் முட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பும். வளவைச் சுற்றிப் போய் மறுபடியும் நேராகிக் கடலைப் பார்க்கும். அந்தத் திருப்பத்தைத்தான் முடக்கு என்றார்கள். ஊருக்கு அது முடக்கு ஒழுங்கை. மாட்டுவண்டி முடக்கு வரைக்கும்தான் வரும். அதற்கு அப்பால் மீனோ விறகோ நெல் மூட்டையோ எல்லாம் தலைச்சுமைதான்.

வளவும் வீடும் உம்மாவுடையவை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா அப்படிப் பாலமுனையிலிருந்து வந்தவர். சைக்கிளின் பின்னால் புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு சவளக்கடைப் பக்கமாக வயல்காரக் குடும்பங்களிடம் போய் விற்றுவருவார். மூட்டைக்காரர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு கவனம். முதலாளி என்று கூப்பிட்டால் நின்று கதைப்பார். வெள்ளாமை வெட்டு முடிந்து வியாபாரம் நல்லபடி நடக்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செங்கல் வாங்கிப் போடுவார். முடக்கு மூலையில் ஒரு கடை கட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. மனைவியின் வீட்டில் இருக்கிற மனிதருக்குத் தன்னுடையது என்று காட்ட ஒன்று வேண்டியிருந்தது. இது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது எங்களுக்கு அந்தக் கல் குவியல் விளையாடுகிற இடம், அவ்வளவுதான்.

கல் வளவுக்குள் அடங்கவில்லை. வேலியைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கைக்குள்ளும் ஒரு வரிசை நின்றது. மழை பட்டு அதில் பச்சைப்பாசி பிடித்திருக்கும். கையை வைத்தால் குளிரும். ஈரச் செங்கல்லுக்கு ஒரு வாசம் உண்டு, புதுச் சட்டியில் தண்ணீர் ஊற்றினால் வருகிற மாதிரி. அந்தக் கற்களின் மேல் சாய்ந்துகொண்டுதான் சாச்சி புளியங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பாள். சாச்சி உம்மாவின் ஒரே தங்கை. முடக்குக்கு அப்பால், கடல் பக்கமாக அவளுடைய வீடு. அந்த மாரியில் அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில். எனக்கும் ஒரு கடி கடிக்கத் தருவாள். பல் கூசி நான் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். மழை சாய்த்துப் பெய்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே சாச்சிக்கு வலி. மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, இது தன் கையில் இல்லை, உடனே கல்முனைக்குக் கொண்டுபோங்கள் என்றாளாம். மெயின் ரோட்டுக் கடையிலிருந்து யாரோ போன் பண்ணி ஆஸ்பத்திரி வேனும் வந்துவிட்டது. ஆனால் வேன் முடக்கோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வர வழியில்லை.

பெண்கள்தான் தூக்கினார்கள். சாச்சியைச் சாய்மனைக் கதிரையில் படுக்கவைத்து, மேலே ஒரு பாயைப் பிடித்துக்கொண்டு, உம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஈர மணலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் எங்கள் வேலியில் பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். முடக்கில் திருப்பும்போது கதிரையின் நீளமான கைப்பிடி வாப்பாவின் கல் வரிசையில் இறுகிக்கொண்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. இறக்கிவைக்கவும் முடியாது, கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உம்மா தன் பக்கத்துப் பிடியை மற்றவளிடம் கொடுத்துவிட்டுக் கற்களைக் கையால் பிடுங்கி எறியத் தொடங்கினாள். பாசி பிடித்த கல் வழுக்கியது. வேன் ட்ரைவரும் ஓடி வந்து இழுத்தார். வெறிபிடித்தவள் போல உம்மா கல் பிடுங்கியதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவ்வளவு நேரமும் சாச்சி ஒரு சத்தம் கூடப் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருவழியாகக் கொண்டுபோய் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே சாச்சி மௌத்தாகிவிட்டாள். பிள்ளையும் அவளோடு போயிற்று.

வாப்பா ஜும்ஆ முடிந்து நேரே வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒழுங்கையெல்லாம் கல் சிதறிக் கிடந்தது. உம்மா வேனில் போயிருந்தாள். வாசலில் அயல் பெண்கள் நனைந்த சேலையோடு நின்றார்கள். வாப்பா கேட்ட முதல் கேள்வி, “ஆர் இந்தக் கல்லக் கலைச்ச?” என்பதுதான்.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். பிறகுதான் யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். வாப்பா அந்த இடத்திலேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. காக்கா போய்க் கையைப் பிடித்து இழுத்தும் அவர் எழும்பவில்லை.

அந்தக் கேள்வியைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. உம்மா அவரை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அவருக்குச் சோறு போட்டாள், சட்டை கழுவினாள். கல் பிடுங்கியதில் அவளுடைய நகங்கள் பிய்ந்திருந்தன. மஞ்சள் பூசித் துணி சுற்றியிருந்த அந்தக் கையாலேயே அவருக்குத் தேத்தண்ணி நீட்டுவாள். வாப்பா கையைப் பார்க்காமல் கோப்பையை வாங்கிக்கொள்வார். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

சாச்சிக்குக் கத்தம் ஓதி முடிந்த சில நாட்களில் உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சேர்மன் வீட்டுக்குப் போனாள். அவர்தான் எங்கள் கிராமச் சபைக்குத் தலைவர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சாரன், முழுக்கைச் சட்டை, மழையென்றாலும் வெயிலென்றாலும் கையில் கறுப்புக் குடை. பெண்கள் எதிரே வந்தால் குடையை முகத்துக்குச் சாய்த்துக்கொண்டு ஒதுங்கிப் போவார். ஊருக்குப் பொதுக்கிணறு கட்டியதும், பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வகுப்பறை போட்டதும் அவர்தான் என்று சொல்வார்கள். அவருடைய மனைவிக்குக் கொடுப்பதற்கு உம்மா கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டுபோனாள். பெண்கள் உள் அறையில் இருந்தார்கள், அவர் திரைக்கு அந்தப் பக்கம் வாங்கில் இருந்தார். என்னை முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு கூட்டில் புறாக்கள் இருந்தன. நான் புறா பார்த்தேன். உம்மா தாழ்ந்த குரலில் நெடுநேரம் கதைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது சேர்மன் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

“செரி தங்கச்சி. அது என்ட தலையில கிடக்கட்டும்.”

வரும் வழியில் உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சேர்மன் ஏதோ ஏசிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாரி வெளித்து, ஊரில் ஆண்கள் வெள்ளாமை வெட்டுக்குப் போகத் தொடங்கிய நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. முடக்கை நிமிர்த்தப்போகிறார்கள், எங்கள் வளவின் முன்பாகத்தைச் சபை பாதைக்கு எடுக்கப்போகிறது. வாப்பா நம்பவில்லை. அரசாங்கக் கச்சேரிக்குப் போனார், அங்கே இங்கே ஆட்களைப் பிடித்தார். உம்மாவிடம் வந்து, வளவு உன் பெயரில்தானே இருக்கிறது, நீ ஒண்ணா, தர ஏலாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கேட்டார். அரசாங்கம் எடுக்கிறதென்றால் பொம்பிளை நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று உம்மா சொன்னாள். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

வேலையாட்கள் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலில் கிடுகைப் பிரித்தார்கள். வேலி போனதும் எங்கள் வீடு சட்டையில்லாத பிள்ளை மாதிரி ஒழுங்கையைப் பார்த்து நின்றது. பிறகு முருங்கையைச் சாய்த்தார்கள். பிறகு கல்லைத் தூக்கத் தொடங்கினார்கள். அவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற வாப்பா அப்போதுதான் நடந்து போய்ச் சேர்மனுக்கு முன்னால் நின்றார். ஊர் முழுக்கக் கூடியிருந்தது.

“நான் பாலமுனையான். பொண்டாட்டிட வளவில இரிக்கிறன். கேக்க ஆளில்ல எண்டுதானே செய்றாய்?” என்றார்.

“சபை முடிவு, முதலாளி,” என்றார் சேர்மன்.

“என்ட கல்லாலதான் மௌத்து நடந்த எண்டு ஊருக்குக் காட்டத்தானே செய்றாய்?”

வாப்பா குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளிச் சேர்மனின் முகத்தில் வீசினார். எங்கள் ஊரில் மண் அள்ளி வீசுவதென்றால் சாபம். சேர்மன் குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கண் சிவந்து தண்ணீர் வடிந்தது. வேலையாட்களைப் பார்த்து, கல்லைப் பக்குவமாக எடுத்து முதலாளி சொல்கிற இடத்தில் அடுக்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, நடந்து போனார்.

வாப்பா எந்த இடமும் சொல்லவில்லை. கல் வீட்டின் பின்புறத்தில் கிடந்தது, ஆள் ஆளாக வந்து எடுத்துப் போனார்கள். கடை கட்டப்படவே இல்லை.

எனக்கு அன்றைக்கு வாப்பாவை நினைக்கப் பெருமையாக இருந்தது. காக்காவுக்கு அதைவிட. அவருக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. அன்றிலிருந்து வாப்பாவின் பக்கத்திலேயே நின்றார். வாப்பா சேர்மன் தொழுகிற பள்ளிவாசலுக்குப் போவதை விட்டுவிட்டுக் கடற்கரைப் பள்ளிக்கு நடந்தார், காக்காவும் நடந்தார். அடுத்த சபைத் தேர்தலில் வாப்பா வீடு வீடாகப் போய், பெண்களின் சீதன வளவைப் பிடுங்குகிறவனுக்கா வாக்கு என்று கேட்டார். அந்தக் கேள்வி எடுபட்டது. சேர்மன் தோற்றார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பதவிக்கும் வரவில்லை. ஆனாலும் ஊர் அவரைச் சாகும் வரைக்கும் சேர்மன் என்றே கூப்பிட்டது. அவர் மௌத்தானபோது வாப்பாவும் காக்காவும் ஜனாஸாவுக்குப் போகவில்லை. உம்மா மட்டும் அந்த வீட்டுக்குப் போனாள். போய்வந்து கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுதாள். குடும்பத்தில் உள்ளவர்கள் போனதுக்கே இப்படி அழாதவள், தன் வளவைப் பிடுங்கிய மனிதனுக்கு ஏன் அழுகிறாள் என்று நான் யோசித்தது உண்டு. யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்திருந்தன, யோசிக்க நேரமில்லை.

பிறகு வாப்பா போனார். அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு கடல் வந்தது. அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் ஆட்கள் போயிருப்பார்கள். எங்கள் ஒழுங்கையின் கடல் பக்கத்து வீடுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆட்கள் மட்டும் பாதிப் பேருக்கு மேல் மிஞ்சினார்கள். நேரான அகலமான பாதை. கத்திக்கொண்டு ஓடி வந்தவர்கள் முட்டிக்கொள்ளாமல் மெயின் ரோட்டைப் பிடித்துவிட்டார்கள். உம்மாவை என் மகன் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் தங்கியிருந்தோம். ஒரு பின்னேரம், பருப்புக் கறிக்கு வரிசை நின்று நான் வந்து உட்கார்ந்தபோது, உம்மா சுவரில் சாய்ந்தபடி மண்டபத்தில் இருந்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பாதைய நான்தான் மகள் குடுத்த,” என்றாள்.

பயத்தில் ஏதோ கதைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். கத்தத்துக்குப் பிறகு சேர்மன் வீட்டுக்குப் போய், என் வளவை எடுத்துப் பாதையை நிமிர்த்துங்கள் என்று கேட்டது அவள்தான். சபை தானாக எடுத்ததாகச் சொல்லுங்கள் என்று கேட்டதும் அவள்தான்.

“நானா மனசோட குடுத்தன் எண்டா, நீதான் என்ட தங்கச்சியக் கொன்னுபோட்டாய் எண்டு உன்ட வாப்பாக்கு நான் மூஞ்சிக்கு நேர சொன்ன மாதிரி. அதுக்குப் பொறகு அந்த மனிசன் இந்த ஊட்டுல இரிப்பாரா? சேர்மனுக்குக் கோவிச்சிக்கிட்டு இரிந்தா உசிரோட இரிப்பார் எண்டு நினைச்சன்.”

சேர்மன் இவ்வளவு படுவார் என்று நினைத்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். மண்ணள்ளி வீசிய அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சேர்மனுக்கு ஆள் அனுப்பினாளாம். ஒரு தரம் தலையில் வாங்கியது தலையிலேயே கிடக்கட்டும் என்று சேர்மன் மனைவி மூலம் பதில் வந்ததாம். தேர்தலில் தோற்றபோதும் அவள் அனுப்பினாள், அதே பதில்தான்.

“காக்காட்ட சொல்லாத,” என்றாள் உம்மா கடைசியில். “அவன் வாப்பாவ வச்சித்தான் நிமிர்ந்து நடக்கிறான்.”

உம்மாவும் போய்விட்டாள். வழக்கப்படி வீடு என்னிடம் வந்தது. அதோடு இந்தக் கதையும் வந்தது. காக்கா சேர்மனை ஏசும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதற்கும் ஒரு பலம் வேண்டும். வருடக் கணக்காக ஒரு பாரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டு வேலை செய்கிற மாதிரி. இறக்கிவைக்க இடமும் இல்லை, யாரிடமும் கொடுக்கவும் முடியாது.

நினைத்தபடியே காக்கா வந்தார். கேற்றைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். இருங்கள் என்றேன், இருக்கவில்லை.

“அந்தாள்ட பேர உம்மாட மதில்ல வெக்க உட்டிரிக்கியாமே?”

“ஊர் வெக்கிது காக்கா. நான் ஒண்ணா எண்டா மட்டும் நிக்குமா?”

“நீ ஒண்ணா எண்டு சொல்லியிரிக்கணும். வாப்பா மண்ணுக்குள்ள கிடந்து என்ன நினைப்பார்?”

என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். நெஞ்சில் கை வைத்திருந்தார், அவருக்கு அங்கே ஒரு முறை வெட்டித் தைத்திருக்கிறது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, பலகை திறக்கிற நிகழ்ச்சிக்கு நீ போனால் எனக்குத் தங்கச்சி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. என் கேற்றுக்கு முன்னால்தான் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியை என் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். அரசியல்வாதிகள் ஒவ்வொருவராகக் கதைத்தார்கள். ஒழுங்கையின் பழைய பெயர் அசிங்கமான பெயராம், இனி எங்கள் விலாசத்துக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறதாம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் பந்தலுக்கு வந்தவர்களுக்காக ஒரு பானைத் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சேர்மனின் மகன் ஒலிவாங்கிக்கு வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், தன் வாப்பாவைப் போலவே ஒல்லி. நிதானமாகக் கதைத்தார்.

“இந்தப் பாதைய எங்கட வாப்பா போட்டார் எண்டு எல்லாரும் சொல்றாங்க. வாப்பா உசிரோட இரிக்கக்குள்ள எங்களுக்குச் சொன்ன கதை வேற. இந்த மூலையில ஒரு புடவை முதலாளி இரிந்தார். தனக்குக் கடை கட்ட வெச்சிரிந்த இடத்த, அவர்தான் முதல் ஆளா மனசோட குடுத்தார் எண்டு சொல்லுவார். மத்தவங்க அதப் பாத்துத்தான் வேலியப் பின்னுக்குப் போட்டாங்களாம். அந்த முதலாளிக்கும் நீங்க துஆச் செய்யணும்.”

கீரை என் கையில் அப்படியே இருந்தது. தன்னுடைய வீட்டிலும் அந்த மனிதர் உண்மையைச் சொல்லவில்லை. முகத்தில் மண் வீசியவரைத் தன் பிள்ளைகளுக்குக் கொடையாளி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். உம்மா அவரிடம் கேட்டது பழியை ஏற்றுக்கொள்ளும்படி மட்டும்தான். இதை அவள் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய மனதை எங்கே வைத்திருந்தாரோ, எனக்குத் தெரியவில்லை. அதே நேரம், ஒலிபெருக்கியில் எல்லாருடைய பெயரும் வந்து போகிறது, நகம் பிய்ந்தவளின் பெயர் எங்கேயும் இல்லை என்றும் தோன்றியது. கோபம் வரவில்லை. கோபப்படுகிற இடம் என்னுள் எப்போதோ தேய்ந்துவிட்டிருந்தது.

கேற் திறக்கிற சத்தம் கேட்டது. காக்கா. எங்கேயோ மெயின் ரோட்டுக் கடையில் நின்று கேட்டிருக்கிறார். முகம் வீங்கியிருந்தது. வந்து கதிரையில் உட்கார்ந்தார். கையில் இருந்த தொப்பியை மடித்தார், விரித்தார்.

“கேட்டியா தங்கச்சி?” என்றார்.

“ஓம், கேட்டன்.”

“வாப்பாதான் குடுத்திரிக்கார். எங்களுக்குத்தான் விளங்கல்ல. சண்டை பிடிச்சாலும் பொறகு மனசு மாறி, தானா குடுத்திரிக்கார். வெளியில சொல்ல வெக்கப்பட்டிரிப்பார். அவர்ட குணம் அப்படித்தானே.” தொப்பியால் கண்ணைத் துடைத்தார். “உம்மா உன்னட்ட ஒண்டும் சொல்லல்லயா?”

நான் அவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர், சிறுபிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் வாப்பாவுக்காக ஒரு மனிதரை வெறுத்துக்கொண்டு இருந்தார். இன்றைக்கு வாப்பாவுக்காகவே அந்த வெறுப்பைக் கீழே போடுகிறார்.

“உம்மா பெரிசா ஒண்டும் கதைக்க மாட்டாதானே,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தேத்தண்ணி குடித்தார். பிறகு எழுந்து பந்தலுக்குப் போய்ச் சேர்மனின் மகனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலால் பார்த்தேன். இரண்டு கிழவர்களும் எதையோ சொல்லி அழுதார்கள். ஆட்கள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகு குசினியில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு அவளுடைய பெயருக்குப் போகப்போகிறது, இனி வைத்துக்கொண்டிருக்க எனக்கும் ஏலாது. அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் குழாயை மூடினாள்.

“மாமாட்ட சொல்லத்தானே வேணும் உம்மா? உம்மும்மாட காணி. அவக்கு ஒரு துஆக்கூட இல்ல.”

“துஆவ நீ செய்,” என்றேன். “மாமா அந்த நினைப்போட இரிந்துட்டுப் போகட்டும்.”

அவளுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பைகளைத் துடைத்தாள். எனக்கு என் மகளைத் தெரியும், அவள் உம்மாவைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. நான் கண்ணை மூடிய பிறகு ஒரு நாள் சொல்லிவிடுவாள். சொல்லட்டும். நான் தடுக்கவில்லை, சத்தியமும் கேட்கவில்லை.